உக்ரைன் ஓவியங்களில் வரும் பூவேலை: அலங்காரமா, ஓவியமா? செமினாருக்கு உதவி வேண்டும்

கரித்துண்டு:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம், கடைசி வருஷம். உக்ரைனின் இன்றைய உருவ ஓவியம் என்று செமினாருக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டு இப்போது முழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. ஒரு மனித உருவம் இருக்கும். அதைச் சுற்றி, பின்னால், சில சமயம் அதன் மேலேயே பூவும் கொடியும் புள்ளியும் கட்டமும் படர்ந்திருக்கும். சில படங்கள் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன. சில படங்கள் பார்த்த உடனே சலித்துவிடுகின்றன. இரண்டிலும் இருப்பது கிட்டத்தட்ட அதே பூதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கைடு சார் ஒரே வரியில் முடித்துவிட்டார். "இதெல்லாம் சிவகாசி காலண்டர்ப்பா. அலங்காரம் வேற, ஓவியம் வேற." எதிர்த்துப் பேச என்னிடம் சரக்கு இல்லை.

இந்தப் பூவேலை எங்கிருந்து வருகிறது? பெட்ரிக்கிவ்கா என்கிறார்கள், பிரிமாச்சென்கோ என்கிறார்கள், இரண்டும் ஒன்றா? கிராமத்துச் சுவரில் இருந்தது, கல்லூரியில் படித்து வந்தவர்களின் கேன்வாஸுக்குள் எப்படி வந்தது? யாரையெல்லாம் பார்க்க வேண்டும்? விக்கிப்பீடியா லிங்க் வேண்டாம், அதைப் படித்துவிட்டேன்.

தூரிகை மணி:

பிரிமாச்சென்கோவைப் பார், போதும். மற்றதெல்லாம் தலையில் பூவளையம் வைத்த பெண்கள்தான். இன்ஸ்டாகிராமில் கிலோ கணக்கில் கிடைக்கும். உங்க சார் சொல்வது பாதி சரி, கோபித்துக்கொள்ளாதே.

தாமிரபரணி அக்கா உக்ரைனில்தான் டாக்டருக்குப் படித்தார். அவரைக் கூப்பிடு, இதைப் பற்றி நிறுத்தாமல் பேசுவார்.

தாமிரபரணி:

மணி, அந்தக் கடைசி வரியை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். க்ளினிக் மூடியாயிற்று, நிதானமாகவே எழுதுகிறேன்.

தம்பி, நான் ஓவியம் படித்தவள் இல்லை. டினிப்ரோ நகரத்தில் மருத்துவம் படித்தேன். போருக்கு முன்னால் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கேயும் கார்கிவ், வின்னிட்சியா பக்கமும் நிறையப் பேர் இருந்தார்கள், உனக்கே யாரையாவது தெரிந்திருக்கும். பெட்ரிக்கிவ்கா அந்த டினிப்ரோ மாகாணத்திலேயே இருக்கும் ஊர், அந்த ஊர்ப் பூவேலைக்கும் அதே பெயர்தான். பஸ் ஏறினால் போய்விடலாம். அனாட்டமி பரீட்சை முடிந்த கையோடு சும்மா ஊர் சுற்றப் போனேன். அங்கே ஒரு பட்டறையில் தூரிகையைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் லீவு கிடைத்தால் அங்கேதான்.

தூரிகையிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும். பூனை முடி. வீட்டுப் பூனையிடமிருந்து ஒரு சிட்டிகை முடியைக் கத்தரித்து, நுனி கலையாமல் குச்சியில் வைத்து நூலால் இறுகக் கட்டிவிடுவார்கள். நுனி ஊசி மாதிரி இருக்கும், அடிப்பக்கம் வண்ணத்தை நன்றாகக் குடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் வண்ணத்தைக் குழைத்தது முட்டை மஞ்சள் கருவில், பாலில், செர்ரி மரத்துப் பிசினில். இப்போது டெம்பரா, குவாஷ், அக்ரிலிக் எல்லாம் உண்டு. தூரிகை மட்டும் மாறவில்லை.

அழுத்தி வைத்து, இழுக்க இழுக்கக் கையைத் தூக்கினால் கோடு தடிமனாக ஆரம்பித்து நூலாக முடியும். அதைச் 'சீப்பு' என்கிறார்கள், வரிசையாகப் போட்டால் பல் பல்லாக நிற்கும். தலைகீழாக, மெல்லத் தொட்டு ஆரம்பித்து அழுத்தி முடித்தால் 'தானியம்'. மூன்றாவதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது. தூரிகை முழுவதையும் மஞ்சளில் தோய்த்து, நுனியை மட்டும் சிவப்பில் தொட்டு இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் சிவப்பு மஞ்சளாக மாறிக்கொண்டே போகும். ஒரு இதழுக்கு வேண்டிய வெளிச்சமும் நிழலும் அந்த ஒரு இழுப்பிலேயே வந்துவிடும், திரும்பப் போய்த் தொட வேண்டிய வேலையே இல்லை. பழத்துக்குத் தூரிகைகூட வேண்டாம். விரல் நுனியை வண்ணத்தில் தொட்டு அழுத்தினால் ஒரு கலினாப் பழம், அங்கத்துச் சின்னச் சிவப்புப் பழம். ரேகை அப்படியே விழும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் எந்தப் பழம் எந்த விரல் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா பென்சிலைத் தொடவே விடவில்லை. அவுட்லைன் போட்டு நிரப்புகிற சோலியே அங்கே கிடையாது. அதாவது முதலில் ஒரு பூவை வரைந்து, பிறகு அதை அலங்கரிப்பதில்லை. இழுப்புதான் இதழ், இதழ்கள் சேர்ந்ததுதான் பூ. உன் சாருக்கு முதல் பதில் இதிலேயே இருக்கிறது. அலங்காரத்தைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்றால் அடியில் காகிதம்தான் மிஞ்சும்.

ஆரம்பத்தில் இது சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவரிலும் அடுப்பிலும் பெட்டியிலும் இருந்தது. பிறகு காகிதத்தில் எழுதிச் சந்தையில் விற்றார்கள், வாங்கிப் போனவர்கள் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். தெத்யானா பாத்தா (1884–1976) என்ற கிராமத்துப் பெண்மணிதான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 1930களில் இதைச் சொல்லிக்கொடுத்தவர். பின்னால் பேர் வாங்கிய முக்கால்வாசிப் பேர் அவர் கையில் வளர்ந்தவர்கள். 2013ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

ஆனால் பெட்ரிக்கிவ்காவுக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை அங்கே சொன்னால் யாரும் ரசிக்க மாட்டார்கள். மனித உருவம்! பூவும் பறவையும் கொஞ்சும். நடுவில் ஒரு கோசாக் வீரனையோ தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்ணையோ வைத்தால், பல படங்களில் வேறு யாரோ வந்து வரைந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். காரணம் எளிது. இழுப்பு இதழின் அளவுக்குப் பழகியது. முகம் அதற்குள் அடங்காது. உடனே கை மாறிவிடுகிறது, பென்சில் புத்தி வந்துவிடுகிறது. ஒரே காகிதத்தில் இரண்டு பேர். பாத்தாவின் மாணவி மார்ஃபா திம்சென்கோ (1922–2009) இதிலிருந்து தப்பினவர். கீவில் பீங்கான் தட்டுகளில் எழுதிக்கொண்டிருந்தவர், நிலக்காட்சிகளும் வரைந்தார். மரம், குடிசை, ஆள் எல்லாமே அதே இழுப்பால் ஆனவை. அவரைக் கட்டாயம் தேடிப் பார்.

பிரிமாச்சென்கோ வேறு ஊர், வேறு வம்சம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு எழுதாதே. மரியா பிரிமாச்சென்கோ (1909–1997) வடக்கே பொலோட்னியா கிராமம், செர்னோபிலுக்குப் பக்கத்துச் சீமை. சின்ன வயதில் போலியோ. அவர் அம்மா பூத்தையலில் கெட்டிக்காரி. அவருடைய மிருகங்களைப் பார்த்திருப்பாய். சிங்கமும் இல்லை காளையும் இல்லை, மனுஷக் கண், கண்ணுக்கு இமைமுடி, உடம்பு முழுக்கப் புள்ளி வரிசை, படத்தின் முதுகில் கவிதை மாதிரி ஒரு தலைப்பு.

இனி என் வைத்தியம். ஸ்கிரீனில் படத்தைத் திற. பூவேலை இருக்கும் இடத்தையெல்லாம் கட்டைவிரலால் மறைத்துப் பார். உருவம் எதுவும் நடக்காத மாதிரி நின்றுகொண்டிருந்தால் பூ வெறும் நகை. உருவம் சரிந்துவிட்டால் பூதான் எலும்பு. பிரிமாச்சென்கோ மிருகத்தில் புள்ளிகளை எடுத்துவிடு, என்ன மிஞ்சுகிறது? ஒரு வெட்டிய அட்டை. வயிறு எங்கே உப்புகிறது, கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்தப் புள்ளி வரிசைகள் போகிற திசைதான் சொல்கிறது. அதே வைத்தியத்தை மணி சொன்ன பூவளையப் பெண்களிடம் செய். முகம் ஃபோட்டோ மாதிரி, தலையில் பாப்பிப் பூ, தோளில் பூத்தையல் சட்டை. மறைத்தால் ஒன்றும் நடக்காது. பாஸ்போர்ட் ஆபீஸில் நிற்கிற பெண்தான். உனக்குச் சலிப்பது அதனால்தான்.

ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர்:

நல்ல விளக்கம் டாக்டரம்மா. ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் காலத்தில் 'சோவியத் நாடு' பத்திரிகை தமிழிலேயே வரும். அதில் கறுப்புப் பெட்டி மேல் சிவப்புப் பூ, தங்கக் கொடி எல்லாம் பளபளவென்று வண்ணத்தில் போடுவார்கள். நாங்கள் அதை ரஷ்யப் பூவேலை என்றுதான் நினைத்தோம். அரசாங்கம் காசு கொடுத்து, ஃபேக்டரி வைத்து வளர்த்த கலைதானே இது? அப்படியானால் இதற்குள் எதிர்ப்பு, அடையாளம் என்று இன்று எழுதுவதெல்லாம் பிற்சேர்க்கை இல்லையா?

தம்பியின் சார் சொல்லும் காலண்டர் வாசனை அங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கரித்துண்டு:

அக்கா, கட்டைவிரல் வைத்தியம் செய்து பார்த்தேன். என் போல்டரில் பாதிப் படம் அவுட்.

மாஸ்டர் கேட்டதையேதான் நானும் கேட்க இருந்தேன். நீங்கள் சொன்னதெல்லாம் கிராமத்துப் பெண்கள். கல்லூரியில் படித்த ஓவியர்கள் எப்போது இதை எடுத்தார்கள்? விக்டர் சரெட்ஸ்கி, இவான் மார்ச்சுக் இரண்டு பேரும் என் லிஸ்டில் இருக்கிறார்கள். அவர்கள் தேறுவார்களா?

தாமிரபரணி:

மாஸ்டர் சொல்லும் அந்தக் கறுப்புப் பெட்டி உண்மை. பெட்ரிக்கிவ்காவின் சொந்தப் பின்னணி வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை. கறுப்பு அரக்கு பூசின பெட்டியும் தட்டும் சோவியத் காலத்து நினைவுப்பொருள் ஃபேக்டரிகளில் வந்து ஒட்டிக்கொண்டது. கறுப்பில் எந்தப் பூவும் எடுப்பாகத்தான் தெரியும், இழுப்பு சுமாராக இருந்தாலும் காப்பாற்றிவிடும். எனக்கு அந்தக் கறுப்பு சரக்கே பிடிக்காது.

ஆனால் "அரசாங்கம் வளர்த்தது" என்பதில் ஒரு பாதி விட்டுப்போகிறது. பெட்டி மேல் பூ எழுதினவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதே கிராமத்துக் கண்ணை எடுத்துப் பெரிய சுவரில் மனிதர்களை எழுதினவர்களைச் சுட்டார்கள்.

மிகைலோ பாய்ச்சுக். 1882ல் பிறந்தவர். கிராகோவ், மியூனிக், பாரிஸ் எல்லாம் போய்ப் படித்தவர். 1910ல் பாரிஸில் தன் கூட்டாளிகளோடு படம் வைத்தார். 1917 கடைசியில் கீவில் உக்ரைனின் கலை அகாதமி தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியர்களில் ஒருவர். பைசாந்தியத் திருவுருவப் படம் (கிழக்குக் கிறிஸ்தவர்களின் பழைய சாமி படம்), பழைய இத்தாலிய ஓவியர் ஜியோத்தோ, கிராமத்து வீட்டில் தொங்கும் படம் மூன்றையும் ஒரே பள்ளிக்கூடமாக்கிப் பார்த்தார். அவர் மாணவர்கள் சுவர்களில் முட்டை டெம்பராவிலும், ஈரச் சுண்ணாம்பின் மேல் எழுதும் ஃபிரெஸ்கோவிலும் குடியானவர்களை எழுதினார்கள். முக்காடு போட்ட பெண்கள், ஆப்பிள் மரம், அறுவடை. நிழல் அடித்துப் பருமன் காட்டமாட்டார்கள், வெளிக்கோடும் தாளமும்தான். அவருடைய தம்பி திமோஃபி வரைந்த ஆப்பிள் மரத்துப் பெண்களைப் பார், ஒரு கிளை வளைகிற அதே வளைவில் ஒரு முதுகு வளையும். பூவேலையை ஆடையில் ஒட்டாமல், உடம்பை அடுக்குகிற முறையாகவே எடுத்துக்கொண்டார்கள். 1937 ஜூலை 13 அன்று பாய்ச்சுக்கையும் அவர் மாணவர்கள் வசில் செத்லியார், இவான் பதால்காவையும் சுட்டுக் கொன்றார்கள். மனைவி சோஃபியா நலெபின்ஸ்காவை அதே வருஷம் டிசம்பரில். சுவர்களையும் விடவில்லை, பூசி மறைத்தார்கள், செதுக்கி எறிந்தார்கள். இன்று அந்தப் பள்ளியைப் பற்றிப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை வைத்துத்தான் படிக்கிறார்கள்.

இன்னொரு சமாச்சாரம், உன் சாருக்காகவே. 1910களில் வெர்பிவ்கா, ஸ்கோப்த்சி என்ற கிராமங்களில் பூத்தையல் பட்டறைகள் இருந்தன. அலெக்சாந்த்ரா எக்ஸ்டர் மாதிரி நவீன ஓவியர்கள் அங்கே வேலை செய்தார்கள். காஸிமிர் மாலேவிச்சின் வடிவங்களை வெர்பிவ்காப் பெண்கள் ஊசியில் தைத்தார்கள். 1915ல் மாஸ்கோவில் கண்காட்சியாகவே வைத்தார்கள். ஸ்கோப்த்சியில் ஹன்னா சொபாச்கோ என்ற கிராமத்து ஓவியர் போட்ட பூக்களைப் பார்த்தால் பூ என்றே சொல்ல வராது, சுழற்சி மட்டும்தான். அலங்காரம் ஒரு பக்கம், நவீன ஓவியம் மறுபக்கம் என்று சுவர் எழுப்புகிறவர் இந்த ஊசிகளை எங்கே வைப்பார் என்று கேள். மரியாதையாகக் கேள், மார்க் அவர் கையில் இருக்கிறது.

1937க்குப் பிறகு நெடுங்காலம் யாரும் துணியவில்லை. தெத்யானா யப்லோன்ஸ்கா 1949ல் 'ரொட்டி' என்று ஒரு பெரிய படம் போட்டு ஸ்டாலின் பரிசு வாங்கினவர். வெயில், தானியக் குவியல், சிரிக்கிற கூட்டுப்பண்ணைப் பெண்கள். அதே அம்மா 1960களில் அந்த வெளிச்சத்தையெல்லாம் அணைத்துவிட்டுத் தட்டையான வண்ணம், நாட்டார் கட்டமைப்பு என்று மாறினார். 'காகிதப் பூக்கள்' 1967ல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஸ்லைடு போடு, வேறு பேச்சே வேண்டாம்.

சரெட்ஸ்கிக்கு வருகிறேன். அவரைப் பேசினால் மனைவி அல்லா ஹோர்ஸ்காவை விடமுடியாது. 1964ல் கீவ் பல்கலைக்கழகத்துக்காகக் கூட்டாளிகளோடு சேர்ந்து கவிஞர் ஷெவ்சென்கோவை வண்ணக் கண்ணாடியில் செய்தார். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, உடைத்துவிட்டார்கள். 1967ல் மரியுபோலில் 'வாழ்வின் மரம்', வல்லூறு என்று மொசைக்குகள். 1970 நவம்பரில் ஹோர்ஸ்காவைக் கொலை செய்தார்கள். மொசைக்குகள் 2022ல் மரியுபோல் நொறுங்கியபோது நாசமாயின. அந்த 'வாழ்வின் மரம்' என்ற உருவே பூத்தையல் துண்டுகளில் இருப்பது. பூந்தொட்டியிலிருந்து மேலே கிளைக்கும் மரம்.

மனைவி போன பிறகு சரெட்ஸ்கி வரைந்தவைதான் உன் லிஸ்டில் இருப்பவை. முகமும் கையும் மட்டும் சதை, மற்றதெல்லாம் இலை, சுருள், தங்கப் பொடி. வியன்னாவில் பொன் பூசி வரைந்த கிளிம்ட்டின் பெயரை வைத்து, உக்ரைனிய கிளிம்ட் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பாதிதான் ஒப்புதல். சில படங்களில் உருவம் அந்த இலைகளுக்குள் மூச்சுத் திணறுகிறது, அது நிஜம், அதில் பொய் இல்லை. வேறு சிலவற்றில் வியன்னா வாடை தூக்கலாக இருக்கிறது, கட்டைவிரலுக்குத் தாங்கவில்லை.

மார்ச்சுக் தாராளமாகத் தேறுவார். 1936ல் தெர்னோபில் பக்கத்து மொஸ்கலிவ்கா கிராமத்தில் நெசவாளி மகனாகப் பிறந்தவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பூவும் இருக்காது, கட்டமும் இருக்காது. மெல்லிய வண்ண இழைகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு போகும். முகமும் அந்த இழையால்தான், பனி மூடின மரமும் அந்த இழையால்தான். தறியில் நடக்கிற காரியத்தைத் தூரிகையில் செய்கிறார். நாட்டார் மரபை எடுத்துக்கொள்வது என்றால் அதன் பூவைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? அதன் கை வேலையை எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் உன் செமினாரின் நடுவில் அவரை வை.

தூரிகை மணி:

அக்கா, மார்ச்சுக் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். சரெட்ஸ்கியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், ஆனால் அந்தச் சண்டை அப்புறம்.

இன்றைய ஆட்கள் எங்கே? தம்பி தலைப்பே "இன்றைய"தானே. போர் வந்த பிறகு பூத்தையல் சட்டை தேசியக் கொடி மாதிரி ஆகிவிட்டது. யார் எதை வரைந்தாலும் ஓரத்தில் ஒரு சிவப்புப் பூ வைத்தால் உணர்ச்சி கியாரண்டி. அதைக் கட்டைவிரல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

தாமிரபரணி:

கண்டுபிடிக்காது. அதுவும் சரிதான். கொடிக்கு ஒரு தேவை இருக்கிறது, அதை நான் இங்கே உட்கார்ந்து கேலி செய்ய முடியாது. 2022 பிப்ரவரியில் இவான்கிவ் அருங்காட்சியகம் எரிந்தபோது உள்ளே பிரிமாச்சென்கோ படங்கள் இருந்தன. ஊர்க்காரர்கள் தீக்குள் போய்ச் சிலதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் 1982ல் வரைந்த புறாவைப் பல நாட்டு ஊர்வலங்களில் பெரிதாக்கித் தூக்கிப்போனார்கள். அங்கே போய் "பூ கட்டமைப்பில் சேர்ந்திருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் கொடியைக் கேலி செய்த ஓவியர்கள் போருக்கு முன்பே இருந்தார்கள். ஒலெஹ் திஸ்தோல், 1960ல் பிறந்தவர். 1980களின் கடைசியில் நண்பர் கொஸ்தியன்தின் ரெயுனோவோடு சேர்ந்து தேசியச் சின்னங்களையே கதாபாத்திரமாக்கினார். 1988ல் வரைந்த 'மறு இணைப்பு' படத்தைப் பார். தளபதி, பரோக் சுருள், பாடப்புத்தகத்து வீரம் எல்லாம் மேடை செட் மாதிரி நிற்கும். அச்சடித்த மாதிரி ஒரே உரு திரும்பத் திரும்ப வரும். அவர் பூவை மறைத்தால் உருவம் சரியாது, நகைச்சுவை சரியும். ஆகவே என் கட்டைவிரலுக்கு அவர் ஒரு விதிவிலக்கு.

இதற்கும் அடியில் ஒரு பழைய உருவ மரபு இருக்கிறது, அதைத் தம்பி விட்டுவிடக் கூடாது. கோசாக் மாமாய் என்ற நாட்டார் வீரன். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கதவிலும் பெட்டியிலும் சுவரிலும் எழுதினார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து கோப்சா என்ற தந்திவாத்தியம் வாசிப்பான், பக்கத்தில் குதிரை, ஊன்றிய ஈட்டி, கருவாலி மரம், கீழே பாட்டு வரிகள். எழுதினவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. இன்றுவரை ஆளுக்கொரு மாமாய் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

ல்விவ் பக்கம் போனால் வேறு ரகம். கார்பாத்திய மலை ஊர்களில் கண்ணாடியின் பின்பக்கம் திருவுருவம் எழுதும் மரபு இருந்தது. முதலில் வெளிக்கோடு, பிறகு வண்ணம், கடைசியில் பின்னணி. எல்லாம் தலைகீழ் வரிசை. லூபா யாட்ஸ்கிவ், இவாங்கா தெம்சுக் மாதிரி இன்றைய ஓவியர்கள் திருவுருவத்தை அங்கிருந்தும் பைசாந்தியத்திலிருந்தும் ஒரே சமயத்தில் எடுக்கிறார்கள். தெம்சுக் பரந்த வெள்ளையை விட்டு வைப்பார், அதில் பொன் கொஞ்சமாக. நாட்டார் கலை என்றாலே இடம் விடாமல் நிரப்புவது என்று நினைப்பவர்கள் அந்த வெள்ளையைப் பார்க்கட்டும். கீவில் சோஃபியா அத்லந்தோவா, ஒலெக்சாந்தர் கிளிமென்கோ தம்பதி, போர்முனையிலிருந்து வரும் வெடிமருந்துப் பெட்டிப் பலகையில் திருவுருவம் எழுதுகிறார்கள். ஆணி ஓட்டை, பெட்டியின் இரும்புக் கொக்கி, அச்சடித்த எண் எதையும் மறைப்பதில்லை. பழைய பலகைத் திருவுருவமும் மரச்சட்டம்தானே.

பெயர் பெரிதாக அடிபடாத இரண்டு பேர். லுபோவ் பான்சென்கோ, 1938ல் பிறந்தவர், புச்சாவில் இருந்தார். கோட்டுத் துணி வெட்டுத் துண்டுகளை ஒட்டிப் பெண்களையும் மரங்களையும் செய்தவர். முரட்டுக் கம்பளியின் ஓரமே கோடு, தூரிகை கிடையாது. ரஷ்ய ஆக்கிரமிப்பில் பட்டினி கிடந்து 2022 ஏப்ரல் 30 அன்று ஆஸ்பத்திரியில் இறந்தார். இன்னொருவர் பொலினா ராய்கோ, கெர்சன் பக்கம் ஒலேஷ்கி. அறுபத்தொன்பது வயதில், மகளையும் கணவரையும் இழந்த பிறகு, மலிவு எனாமல் பெயின்ட் வாங்கி வீட்டுச் சுவர், உத்தரம், கேட், கராஜ் என்று ஒன்று விடாமல் எழுதினார். ஆறு, பூனை, தேவதை, செத்துப்போன சொந்தக்காரர்கள். 2004ல் காலமானார். 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்த வெள்ளத்தில் அந்த வீடு மூழ்கியது, சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஒலேஷ்கி ஆக்கிரமிப்பில் இருக்கும் ஊர். ஓவியத்தைப் பொறுத்தவரை இந்த இருவர் படங்களிலும் கட்டைவிரலை எங்கே வைப்பது என்றே தெரியாது, பூ எங்கே முடிகிறது ஆள் எங்கே தொடங்குகிறான் என்று கோடு போட முடியாது.

ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர்:

பாய்ச்சுக் பற்றி எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அந்தப் பத்திரிகையில் அவர் பெயர் வந்ததாகவே நினைவில்லை. தம்பி, செமினார் எழுதினதும் இங்கே ஒரு பிரதி போடு.

கரித்துண்டு:

கட்டாயம் போடுகிறேன் மாஸ்டர். அக்கா, யப்லோன்ஸ்கா ஸ்லைடு ரெடி. பாய்ச்சுக் பகுதியை முதலில் வைக்கிறேன், காலண்டர் வாதத்துக்கு அங்கேயே பதில் வந்துவிடும் என்று தோன்றுகிறது. பின்னால் மார்ச்சுக்.

கடைசியாக ஒரு கேள்வி. செமினாரில் அந்த மூன்று இழுப்பையும் மேடையிலேயே செய்து காட்டினால் நன்றாக இருக்கும். பூனை முடிக்கு எங்கே போவேன்? எங்கள் ஹாஸ்டல் பூனை கத்தரியைக் கண்டால் கடிக்கும்.

தாமிரபரணி:

கடித்தால் அன்றைக்கே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள், இதை டாக்டராகச் சொல்கிறேன்.

பூனையை விடு. கடையில் நீள முடி வைத்த லைனர் பிரஷ், சின்த்தெட்டிக்கிலேயே வாங்கு. நுனி கூர்மையாக, முடி நீளமாக, கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். யாராவது கீரி முடி பிரஷ் இருக்கிறது, அருமையாக இருக்கும் என்று நீட்டினால் வாங்காதே, நம் நாட்டில் அது சட்டப்படி குற்றம். போஸ்டர் கலரைத் தண்ணீர் பாலாக இல்லாமல் தயிர்ப் பதத்துக்கு வை. மஞ்சளில் தோய்த்துச் சிவப்பைத் தொட்டதும் உடனே இழு. யோசித்தால் இரண்டும் கலந்து ஆரஞ்சாகிவிடும். காகிதம் வழவழப்பாக இருக்கட்டும். கார்ட்ரிட்ஜ் பேப்பர் வேண்டாம், முடி சிக்கும்.